இருதய பேக்கேஜா, புற்றுநோய் பேக்கேஜா?

கேள்வி: வயது 44. பினாங்கு, பிறையில் தொழிற்சாலை வேலை, பெரும்பாலும் இரவு ஷிப்ட். தினம் ஒரு பெட்டி சிகரெட். அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அண்ணனுக்கு 49 வயதில் பெருங்குடல் புற்றுநோய். தனியார் மருத்துவமனையில் இருதயத்துக்கு ஒரு பேக்கேஜ், புற்றுநோய்க்கு ஒரு பேக்கேஜ் என்கிறார்கள். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது. எதை எடுப்பது?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். பேக்கேஜ்தான் இரண்டு, நோய்களின் வேர் பெரும்பாலும் ஒன்றே. நுரையீரல், தொண்டை, சிறுநீர்ப்பை செல்களின் மரபணுவைக் கெடுக்கும் அதே சிகரெட் புகைதான் இரத்தக் குழாயின் உட்சுவரையும் புண்ணாக்கி இரத்தத்தை உறைய வைக்கிறது. நிறுத்திய ஒரே வருடத்தில் மாரடைப்பு ஆபத்து ஏறக்குறைய பாதியாகும். நுரையீரல் புற்றுநோய் ஆபத்து அந்த அளவுக்குக் குறையப் பத்து வருடம் பிடிக்கும். நிறுத்த அரசாங்க கிளினிக்குகளிலேயே உதவி உண்டு.

அடுத்து, தொப்பை. வயிற்றுக் கொழுப்பு இன்சுலினைக் குழப்பி இனிப்பு நீரை (நீரிழிவை) கொண்டுவரும்; குடல் புற்றுநோய்க்கும் இருதய அடைப்புக்கும் துணைபோகும். மூச்சை விட்டபின் விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப் வைத்து அளந்து பாருங்கள். நம் ஆண்களுக்கு 90 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. பேண்ட் சைஸை நம்பாதீர்கள், அதைத் தொப்பைக்குக் கீழே இறக்கித்தானே போடுகிறோம்!

இரவு ஷிப்டை, அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இலேயே சேர்த்துவிட்டது. இருதயத்துக்கும் அது ஆகாது. அதற்காக வேலையை விடுங்கள் என்று நான் எப்படிச் சொல்வது? விடிகாலை மூன்று மணிக்கு கேண்டீனில் மீ கோரெங்கும் தே தாரிக்கும் வேண்டாம், ஷிப்டுக்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள். அதையாவது செய்யலாம்.

இரத்த அழுத்தம், சீனி, கொழுப்பு மூன்றையும் அரசாங்க கிளினிக்கில் பார்க்கலாம். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். ரொக்க உதவி பெறுபவர் என்றால், 40 வயதுக்கு மேல் குறைந்த வருமானக்காரர்களுக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் பரிசோதனை இலவசம். ஷிப்ட் முடிந்த கையோடு மட்டும் போகாதீர்கள். தூங்காத உடம்பில் இரத்த அழுத்தம் கூடுதலாகக் காட்டும்.

புற்றுநோய் பேக்கேஜில் வழக்கமாக இருக்கும் 'டியூமர் மார்க்கர்' (புற்றுநோய் இருந்தால் கூடக்கூடிய பொருள்களை அளக்கும்) இரத்தப் பரிசோதனை, அறிகுறி இல்லாதவருக்கு வீண் பயத்தைத்தான் தரும். காசைச் சேமித்து வையுங்கள். உங்களுக்கு வேண்டியது கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை. கூடப்பிறந்தவருக்கு 49-இல் குடல் புற்றுநோய் வந்திருக்கும்போது, மற்றவர்களைப் போல 50 வயது வரை காத்திருப்பது சரியல்ல. அரசாங்க கிளினிக்கில் கேட்டால் மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். போகும்போது அண்ணனின் பயாப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கை நகலை எடுத்துப் போங்கள். அப்பாவுக்கு எந்த வயதில் மாரடைப்பு வந்தது என்பதையும் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது இந்த இரண்டும்தான்.