ஆண்டியை விட்டுவிட்டு ரெட்டைப் பாருங்கள்

'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' படம் மெதுவாகப் போகிறது, சிறையிலிருந்து தப்பிக்கிற இடத்தை விட்டால் இதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கும் இதே கேள்விதான். (கதையைப் போட்டு உடைக்கப் போகிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

1994-ல் வந்தபோது தியேட்டரிலும் அது ஓடவில்லை. சுமார் 2.5 கோடி டாலரில் எடுத்த படம், முதல் சுற்றில் 1.6 கோடிதான் வசூலித்தது. 7 ஆஸ்கர் பரிந்துரைகள், ஒன்றும் கைக்கு வரவில்லை. அப்புறம் வீடியோவிலும் டிவியிலும் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள்தான் அதைத் தூக்கி நிறுத்தினார்கள்.

நான் இரண்டாம் தடவை பார்க்கும்போது நாயகன் ஆண்டியை விட்டுவிட்டு, அவனுடைய சிறை நண்பன் ரெட்டையே கவனித்தேன். வேறு படம் பார்ப்பது போல இருந்தது.

ஆண்டி செய்யாத கொலைக்காக 1947-ல் ஷாஷாங்க் சிறைக்கு வருகிறான். நூலகத்துக்குப் பணம் கேட்டு வாரம் ஒரு கடிதம் என்று 6 வருடம் எழுதுகிறான். சின்னச் சுத்தியலை வைத்துக்கொண்டு 19 வருடம் சுவரைச் சுரண்டுகிறான். பிரமிப்புதான், ஆனால் அவனிடம் நம்பிக்கை ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. மார்கன் ஃப்ரீமேன் நடித்த ரெட்டிடம் அது துளியும் இல்லை. நம்பிக்கை ஆபத்தானது, ஆளைப் பைத்தியமாக்கிவிடும் என்று ஆண்டியிடமே கடுகடுக்கிறான். இப்படி ஒருத்தன் குரலில்தான் நாம் மொத்தக் கதையையும் கேட்கிறோம். சுரங்கம் தோண்டுவது கடைசிவரை நமக்குத் தெரியாமல் போவதும் அதனால்தான். ரெட்டுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது.

மவுத் ஆர்கன் காட்சி ஞாபகம் இருக்கிறதா? சிறைக்கு வரும் முன் வாசித்த ரெட், உள்ளே வந்ததும் எதற்கு என்று விட்டுவிட்டான். 30 வருடம் முடிந்து அவனுடைய பரோல் மனு (தண்டனை முடியும் முன்பே நிபந்தனையோடு விடுதலை கேட்பது) மறுபடி தள்ளுபடியானபோது ஆண்டி ஒன்றைப் பரிசாகக் கொடுக்கிறான். ரெட் உடனே வாசிப்பதில்லை. ராத்திரி விளக்கணைந்த பிறகு, ஒரே ஒரு மூச்சு மெல்ல ஊதிவிட்டு நிறுத்திக்கொள்கிறான். ஆண்டி சிறை முழுக்க மொஸார்ட்டை ஒலிக்கவிடும் காட்சியைத்தான் எல்லோரும் சிலாகிப்பார்கள். எனக்கு இந்த ஒரு மூச்சுதான் பெரிது.

பரோல் விசாரணை மூன்று முறை வருகிறது: 20, 30, 40 வருடம் கழித்து. முதல் இரண்டிலும் 'நான் திருந்திவிட்டேன்' என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறான். முத்திரை குத்தித் திருப்பி அனுப்புகிறார்கள். மூன்றாவதில் திருந்துவது என்ற வார்த்தைக்கே அர்த்தம் கிடையாது என்று சீறிவிட்டு, செய்த தப்புக்கு வருந்தாத நாளே இல்லை என்கிறான். என் நேரத்தை வீணாக்காதீர்கள் என்று முடிக்கிறான். அப்போது விடுதலை கிடைக்கிறது!

ஆனால் வெளியே வருவதுதான் உள்ளே இருந்ததைவிடக் கஷ்டம். அவனுக்கு முன்பே புரூக்ஸ் என்ற கிழவர், 50 வருடம் சிறையில் கழித்தவர், விடுதலையாகி வந்து தாக்குப்பிடிக்க முடியாமல் தூக்கில் தொங்கிவிட்டார். ரெட்டுக்குக் கிடைப்பதும் அதே அறை, அதே மாதிரி மளிகைக்கடை வேலை. கழிப்பறைக்குப் போகக்கூட முதலாளியிடம் அனுமதி கேட்கிறான். கேட்காமல் போனால் ஒரு சொட்டும் வராதாம். சிரிப்பு வருகிற இடம், ஆனால் சிரிக்க முடியவில்லை.

அப்புறம் அடகுக்கடைக் கண்ணாடி. உள்ளே வரிசையாகத் துப்பாக்கிகள், பக்கத்தில் ஒரு திசைகாட்டி. ரெட் நின்று பார்க்கிறான். எதை வாங்குகிறான் என்பதில் முழுப் படமும் அடங்கிவிடுகிறது. அந்தத் திசைகாட்டியோடுதான், விடுதலையானால் போய்ப் பார் என்று ஆண்டி சொல்லியிருந்த கல்சுவரைத் தேடி வயல்வெளியில் நடக்கிறான். அந்த நடையில் மெதுவாகப் போவது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

ஒரே ஒரு குறை. ஆண்டியைத் தேடி ரெட் பேருந்தில் போவதோடு முடிக்கத்தான் இயக்குநர் ஃபிராங்க் டாராபான்ட் நினைத்தாராம், படத்துக்கு மூலமான ஸ்டீபன் கிங்கின் கதையும் இருவரும் சந்திப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. தயாரிப்புத் தரப்பு கேட்டதால் இருவரும் கடற்கரையில் சந்திக்கும் காட்சி சேர்ந்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நான் இப்போதெல்லாம் பேருந்து ஜன்னலோரம் ரெட் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே படத்தை நிறுத்திவிடுகிறேன்.