ஹோர்னாவன் தீவுகளில் கேச் தேடல்: கேள்வி பதில்

வடக்கு ஸ்வீடனில் அர்யெப்லோக் பக்கத்தில் ஹோர்னாவன், உத்யௌரே என்று இரண்டு பெரிய ஏரிகள். அங்குள்ள தீவுகளுக்கு ஜியோகேச்சிங் (யாரோ ஒளித்துவைத்த ‘கேச்’ என்ற டப்பாவை ஜி.பி.எஸ். வைத்துத் தேடும் விளையாட்டு) போக நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: அக்கா, தீவில் உள்ள கேச் என்றாலே ஏன் டெரெய்ன் 5?

பதில்: டெரெய்ன் என்பது போய்ச் சேரும் கடினத்துக்கான மதிப்பெண், 5 தான் உச்சம். படகு வேண்டும், அதனால்தான். ஏரி உறைந்தபின் பனிச்சறுக்கில் போய் எடுப்பவர்களும் உண்டு. ஊர்க்காரர்களிடம் பனியின் கனத்தை விசாரிக்காமல் காலை வைக்காதீர்கள். ஹோர்னாவனின் அதிகபட்ச ஆழம் 221 மீட்டர்.

கேள்வி: சுற்றிலும் தண்ணீர். சின்னத் தீவில் நெருப்பு மூட்டி டீ போட்டால் என்ன ஆகிவிடும்?

பதில்: நிறைய ஆகும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தத் தீவுகளுக்கு இயற்கையாகத் தீ வருவது மின்னலால். பரப்பு கூடினால் மின்னல் விழும் வாய்ப்பும் கூடும். ஆகவே பெரிய தீவுகள் அடிக்கடி எரிந்திருக்கின்றன, சின்னவை அபூர்வமாகத்தான். சூழலியலாளர் டேவிட் வார்டிலும் அவர் குழுவினரும் இந்த இரண்டு ஏரிகளிலும் 50 தீவுகளை ஆராய்ந்து, 1997-ல் ‘சயின்ஸ்’ இதழில் இதை எழுதினார்கள். ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட தீவில் இறங்கினால் பைன் மரங்களும் அடியில் பில்பெரிச் செடிகளும் நிற்கும். 0.1 ஹெக்டேர்கூட இல்லாத தீவில் ஸ்புரூஸ், பிர்ச் மரங்கள், தரையோடு குரோபெரிச் செடி. கேச் தேடும்போது மரத்தைப் பார்த்தே தீவின் தீ வரலாற்றை ஊகிக்கலாம். எனக்கு இந்த ஏரிகள் பிடித்துப்போனதே இதனால்தான்.

சின்னத் தீவுகளில் சில 5,000 ஆண்டுகளுக்கு மேலாகத் தீயே காணாதவை. சருகு எரியவும் இல்லை, முழுக்க மக்கவும் இல்லை. மெத்தை மாதிரி படிந்துகொண்டே போகிறது. அதில் ஒரு கங்கு விழுந்தால் சுவாலை தெரியாது. உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டு போகும். நீங்கள் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படகேறிய பிறகும் போகும். தயவுசெய்து தீவில் நெருப்பு மூட்டாதீர்கள்.

கேள்வி: பாறை மேல் மூட்டலாமா?

பதில்: கூடாது. சூட்டில் பாறை வெடிக்கும், அந்தத் தழும்பு ஆறவே ஆறாது. ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுபோங்கள்.

கேள்வி: கேச்சில் தீப்பெட்டி, லைட்டர் பரிசாக வைக்கலாமா?

பதில்: விதிப்படியே கூடாது. சாப்பாட்டுப் பொருளும் கூடாது.

கேள்வி: தீ கெடுதல் என்கிறீர்கள். ஸ்வீடனில் அரசே காட்டைக் கொளுத்துகிறதே?

பதில்: தீ கெடுதல் என்று நான் எங்கும் சொல்லவில்லை! பைன் காட்டுக்குத் தீ வேண்டும். மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும் ஒருவகை ஜெரேனியத்தின் விதை, தீயின் சூடு பட்டால்தான் முளைக்கிறது. எரிந்த மரத்தில் முட்டையிடும் கருவண்டு ஒன்று, அகச்சிவப்புக் கதிரை உணரும் உறுப்பால் தீயைத் தேடி வருகிறது. நூறாண்டுக்கு மேலாகத் தீயை அணைத்தே பழகியதால் இவையெல்லாம் அருகின. அதனால்தான் காப்புக்காடுகளில் நாள் பார்த்து, ஆளும் குழாயுமாக நின்று எரிக்கிறார்கள்.

கேள்வி: அப்படியென்றால் நாங்கள் மூட்டினாலும் காட்டுக்கு நல்லதுதானே?

பதில்: இல்லை. எந்த இடம், எந்த நாள் என்பதுதான் முக்கியம். 2014-ல் ஸ்வீடனின் வெஸ்ட்மன்லாந்தில் காட்டுவேலை இயந்திரத்திலிருந்து கிளம்பிய தீ 13,000 ஹெக்டேருக்கு மேல் அழித்தது. அதை யாரும் திட்டமிடவில்லை. மின்னலே தொடாமல் விட்ட சின்னத் தீவுக்கு உங்கள் தீ எந்த நன்மையும் செய்யாது.

கேள்வி: சின்ன கேஸ் அடுப்பு மட்டும்…

பதில்: நெருப்புக்குத் தடை அறிவித்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். தடை இல்லாவிட்டாலும் சருகு மெத்தையில் வைக்காதீர்கள். அடுப்பைப் பற்றி இனிக் கேட்பவர்கள் மேலே உள்ளதைப் படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மரத்தில் உள்ள தீத்தழும்பை வைத்து எர்த்கேச் அமைக்கலாமா?

பதில்: முடியாது. எர்த்கேச் என்றால் நிலவியல் பாடம். மரம் அதில் வராது. பனியாறு பாறையில் கீறிய கோடுகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டப்பாவைச் சருகு மெத்தையில் புதைத்து மறைக்கலாமா?

பதில்: நில உரிமையாளரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் எந்த கேச்சையும் தோண்டிப் புதைக்கக் கூடாது. கல்லிடுக்கில் வையுங்கள். பறவைகள் கூடு கட்டும் காலத்தில் இறங்கத் தடை உள்ள தீவா என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.