மூடச் சொன்னதும் மூடி முடிந்ததும்: ஈவென்ட் லூப் கேள்வி–பதில்

கே: லிப்யூவி என்ற ஈவென்ட் லூப் நூலகத்தில் யூவி_குளோஸ் (uv_close) அழைத்த அடுத்த வரியிலேயே ஹேண்டிலை (டைமர், சாக்கெட் போன்றவற்றுக்கான ஸ்ட்ரக்டை) ஃப்ரீ செய்கிறேன், அதாவது நினைவகத்தை விடுவிக்கிறேன். எங்கள் காபித் தோட்டத்து மழைமானியின் நிரல் இரண்டு நாளுக்கு ஒருமுறை விழுகிறது. (ஏற்காடு வாசகர்)

ப: இதே பிழைக்குப் பத்து முறையாவது விடை எழுதியிருப்பேன். யூவி_குளோஸ் மூடும் வேலையைத் தொடங்கிவிட்டு உடனே திரும்பிவிடுகிறது. லூப் (நிகழ்வுகளுக்காகக் காத்திருந்து உரிய ஃபங்ஷனை அழைக்கும் சுழல்) தன் சுற்றின் பிற்பகுதியில்தான் குளோஸ் கால்பேக்கை (மூடி முடிந்ததும் அழைக்கும்படி நீங்கள் தந்த ஃபங்ஷனை) அழைக்கிறது, அதுவரை ஹேண்டில் லூப்பின் பட்டியலில் கோக்கப்பட்டே இருக்கிறது. நீங்கள் விடுவித்த இடத்தை மாலாக் (நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷன்) வேறொரு தரவுக்குக் கொடுத்துவிட்டால், லூப் அந்தத் தரவின் மேல் எழுதும். கொடுக்காத நாளில் எல்லாம் சரியாக ஓடுவதுபோல் தோன்றும். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையின் மின்னணுத் தராசு நிரலில் இதே தவறு இருந்தது. மூன்று வாரம் மின்சாரத்தின்மேல் பழி போட்டிருந்தார்கள். நினைவகப் பிழைகளைக் காட்டிக்கொடுக்கும் அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்ததும் அரைமணி நேரத்தில் வரி எண்ணோடு அகப்பட்டது. ஃப்ரீயைக் குளோஸ் கால்பேக்குக்குள் வையுங்கள். ஒரே ஸ்ட்ரக்டில் டைமரும் சாக்கெட்டும் இருந்தால், ஓர் எண்ணியைக் குறைத்துக்கொண்டே வந்து, இரண்டு கால்பேக்குகளும் வந்த பிறகே விடுவியுங்கள்.

கே: யூவி_லூப்_குளோஸ் ‘ஈபிஸி’ (EBUSY, இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது) என்கிறதே? (ஆத்தூர்)

ப: மூடப்படாத ஹேண்டிலோ முடியாத ரிக்வெஸ்டோ மிச்சம் இருக்கிறது. யூவி_வாக் கொண்டு ஒவ்வொரு ஹேண்டிலையும் மூடிவிட்டு, யூவி_ரன்னை மறுபடி ஓட விடுங்கள். ஓடாத லூப் எந்தக் கால்பேக்கையும் அழைக்காது.

கே: ஒரே ஹேண்டிலை இருமுறை மூடலாமா? (சூரமங்கலம்)

ப: கூடாது, நூலகத்தின் உள்ளே இருக்கும் அசெர்ட் என்ற சோதனை நிரலையே நிறுத்திவிடும். முதலில் யூவி_இஸ்_குளோசிங் கேளுங்கள்.

கே: லிப்ஈவென்ட் என்ற மற்றொரு நூலகத்தில் இப்படியொரு குளோஸ் கால்பேக்கே இல்லையே? (அம்மாப்பேட்டை)

ப: 2.1 வரிசையிலிருந்து ஈவென்ட்_ஃபைனலைஸ் இருக்கிறது. கையேட்டைப் புரட்டியிருந்தால் கிடைத்திருக்கும். வேறொரு த்ரெட்டில் (இணையாக ஓடும் இழையில்) கால்பேக் ஓடும்போது, ஈவென்டை நீக்கும் ஈவென்ட்_டெல் அது முடியும்வரை காத்திருக்கும்; அந்தக் கால்பேக்கோ நீங்கள் பிடித்திருக்கும் லாக்குக்குக் காத்திருந்தால் இரண்டும் அப்படியே நின்றுவிடும். ஃபைனலைஸ் காத்திருக்காமல் திரும்பி, கால்பேக் ஓடவில்லை என்பது உறுதியான பின்னரே உங்கள் ஃபங்ஷனை அழைக்கும். இங்கும் ஃப்ரீக்கு உரிய இடம் அந்த ஃபங்ஷன்தான்.

கே: ஜிலிப் (GLib) நூலகத்தின் டைமருக்குத் தந்த தரவை யார் விடுவிப்பது? (மேட்டூர்)

ப: ஜி_டைம்அவுட்_ஆட்_ஃபுல்லின் கடைசி ஆர்குமென்டாக நீங்கள் தரும் டெஸ்ட்ராய் நோட்டிஃபை என்ற ஃபங்ஷன். டைமர் தானாக முடிந்தாலும், நீங்கள் நீக்கினாலும் அதுவே அழைக்கப்படும்; வேறெங்கும் ஃப்ரீ எழுதாதீர்கள்.

கே: குளோஸ் கால்பேக் வரவில்லை. உடனே உதவவும்.

ப: நூலகத்தின் பெயரும் இல்லை, பதிப்பும் இல்லை, ஒரு வரி நிரலும் இல்லை. லிப்யூவி என்றே கொண்டாலும், லூப் நின்ற பிறகு மூடினீர்களா, வேறு த்ரெட்டிலிருந்து மூடினீர்களா என்பது எனக்கு எப்படித் தெரியும்? வேறு த்ரெட்டிலிருந்து யூவி_குளோஸை அழைக்கவே கூடாது. யூவி_அசிங்க்_சென்ட் மூலம் லூப்பை எழுப்பி, அதன் த்ரெட்டிலேயே மூடுங்கள். அப்போதும் வராவிட்டால் நிரலோடு எழுதுங்கள்.