சமூகப் பிரச்சினைகளைப் படமெடுப்பது: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: விழாப் படங்கள் எடுத்து வருகிறேன். சமூகப் பிரச்சினைகளை ஆவணப்படுத்தும் பக்கம் வர ஆசை. என்ன கேமரா வாங்கலாம்?

பதில்: கையில் இருக்கும் கேமராவே போதும். மாற்ற வேண்டியது லென்ஸை. ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா என்றால் 35 மி.மீ., ஏபிஎஸ்-சி (அதைவிடச் சிறிய சென்சார்) என்றால் 23 அல்லது 24 மி.மீ., ஜூம் இல்லாத ஒற்றை லென்ஸ். இதில் ஒருவரை இடுப்பளவு எடுக்க ஒன்றரை மீட்டர் தூரத்துக்குள் போயாக வேண்டும். அவ்வளவு அருகே போனால் எடுப்பது அவருக்குத் தெரியும். பேசலாம், ‘வேண்டாம்’ எனலாம். தூரத்தில் நின்று ஜூமில் எடுத்த படத்தில் அந்த ஒளிவு எப்படியோ தெரிந்துவிடும்.

ஃப்ளாஷை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இருட்டு அறையில் லென்ஸ் துளை எஃப்/2, ஷட்டர் 1/125 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 6400 வரை ஆட்டோ. வேலை செய்யும் கை 1/60-இல் கலங்கிப்போகும். படத்தில் புள்ளி தெரிந்தால் பரவாயில்லை, கலங்கிய படத்தை எதுவும் செய்ய முடியாது.

கேள்வி: குழந்தைத் தொழிலாளர் பற்றி எடுக்க நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

பதில்: ‘குழந்தைத் தொழிலாளர்’ என்பது தலைப்புதான், இன்னும் கதையாகவில்லை. ஒரு தொழில், ஓர் இடம், ஒரு கேள்வி என்று சுருக்குங்கள். பள்ளியிலிருந்து நின்ற பிள்ளை எந்த மாதத்தில் நிற்கிறது, ஏன் அந்த மாதம்? இப்படிக் கேட்டால் எதை எடுப்பது என்று தானே தெரியும்.

இந்தத் துறைக்கு வழிகாட்டி லூயிஸ் ஹைன். பள்ளி ஆசிரியராக இருந்தவர், 1908-இல் அமெரிக்காவின் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகப் படமெடுக்கச் சேர்ந்தார். பிள்ளைகளின் உயரத்தைத் தன் கோட்டுப் பொத்தான்களை வைத்து அளந்துகொண்டார். வயது, வேலை நேரம், கூலியை யாரும் பார்க்காமல் சட்டைப்பைக்குள்ளேயே குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்புகள்தாம் அவர் படங்களைச் சாட்சியம் ஆக்கின.

முதல் இரண்டு முறை போகும்போது கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். பேசுங்கள், உட்கார்ந்து பாருங்கள். முதலாளி மூலமாக நுழைந்தால் அவர் காட்டுவதை மட்டும் காண்பீர்கள். ஒரே தொண்டு நிறுவனம் மூலமாக நுழைந்தால் அவர்களிடம் உதவி பெறும் குடும்பங்களை மட்டும். அதனால் குறைந்தது மூன்று வழிகள் வேண்டும்: ஒரு ஆசிரியர், ஒரு சுகாதாரப் பணியாளர், அதே தொழிலில் முன்பு இருந்த ஒருவர். பிறகு வெவ்வேறு நேரங்களில், வெவ்வேறு பருவங்களில் பத்துப் பன்னிரண்டு முறையாவது போக வேண்டும். எடுத்த படங்களைச் சிறிய பிரதிகளாக அச்சிட்டு அடுத்த முறை கொண்டுபோய்க் கொடுங்கள். வீட்டுக்குள் அழைப்பு பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும்.

புதிதாக வருபவர்களின் தொகுப்புகளில் சோகமான முகம் நிறைய இருக்கும். கூலி எண்ணும் கை, தூங்கும் இடம், சிரிப்பு, விளையாட்டு ஆகியவை இருக்காது. இவை இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை பிள்ளையாகவே தெரியாது. இன்னொன்று: படம் வெளியான மறுநாள் அந்தப் பிள்ளைக்கு அடி விழுமா, குடும்பத்துக்கு வேலை போகுமா என்று கேட்டுப் பாருங்கள். விழும், போகும் என்றால் முகம் தெரியும் படத்தை வெளியிடவே கூடாது.

கேள்வி: கையெழுத்து வாங்கினால் ஒப்புதல் ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. படிக்கத் தெரியாதவரிடம் தாளை நீட்டினால் பயத்தில் கையெழுத்து போடுவார். எடுக்க, வெளியிட, எங்கெங்கே வெளியிட என மூன்று ஒப்புதல்களையும் தனித்தனியே கேளுங்கள். இணையத்தில் வெளியான இதே போன்ற ஒரு தொகுப்பைக் கைபேசியில் காட்டி, “இதை உங்கள் உறவினர், முதலாளி, யாரும் பார்க்கலாம்” என்று சொல்லுங்கள். அவர் சம்மதத்தை அவர் மொழியிலேயே குரல் பதிவாக வாங்குங்கள், அரை நிமிடம் போதும். குழந்தை என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும், குழந்தையின் சம்மதமும் வேண்டும். காப்பகத்திலோ மருத்துவமனையிலோ அதிகாரி கொடுப்பது உள்ளே வர அனுமதி மட்டும்தான்.

1936-இல் கலிபோர்னியாவில் பட்டாணித் தோட்டத் தொழிலாளர் முகாமில் ஒரு தாயைப் புகைப்படக் கலைஞர் டோரதியா லாங்கே எடுத்த படம் உலகெங்கும் அச்சானது. அவர் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. 1978-இல் அந்தப் பெண்மணியே பத்திரிகையிடம் பேசினார்: அந்தப் படத்தால் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றார். பெயர், தொடர்பு வழி, படம் எங்கே போகும் என்ற விவரம், இவற்றைப் பரிமாறிக்கொள்ளப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. ஜப்பானின் மினமாட்டாவில் பாதரச நஞ்சால் பாதிக்கப்பட்டவர்களை புகைப்படக் கலைஞர் யூஜின் ஸ்மித்தும் அவர் மனைவி அய்லீனும் 1971 முதல் 1974 வரை எடுத்தார்கள். தாய் மகளைக் குளிப்பாட்டும் படம் அதில் பெரும்புகழ் பெற்றது. மகள் இறந்து பல ஆண்டுகள் கழித்து, அவளை இனி அமைதியாக விடவேண்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள். 1990களின் பிற்பகுதியில் அந்தப் படத்தைப் புதிதாக வெளியிடுவதை அய்லீன் நிறுத்தினார்.

கேள்வி: முகத்தை மறைக்க மங்கலாக்கினால் போதுமா?

பதில்: மறைப்பதை எடுக்கும்போதே செய்யுங்கள். ஆளை ஜன்னலுக்கு முன் நிறுத்தி, வெளி வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் முகம் இருண்டுவிடும். ஆனால் ரா ஃபைலில் (கேமரா பதிவு செய்யும் மூல ஃபைல்) நிழலை உயர்த்தினால் அதே முகம் திரும்பத் தெரியும்! ஆகவே கருமையை முழுக் கறுப்பாக இறக்கி ஜேபெக் மட்டும் அனுப்புங்கள், ரா ஃபைலை யாருக்கும் தராதீர்கள். பச்சை குத்தியது, பள்ளிச் சீருடை, வீட்டு எண் இவையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். கேமராவிலும் கைபேசியிலும் ஜிபிஎஸ்ஸை அணைத்து வையுங்கள்.

கேள்வி: இதை வைத்துப் பிழைக்க முடியுமா?

பதில்: பத்திரிகைக் கட்டணத்தை மட்டும் நம்பினால் முடியாது. பெரும்பாலோர் மூன்று நான்கு வழிகளைச் சேர்த்துத்தான் ஓட்டுகிறார்கள்: தொண்டு நிறுவனங்களின் பணி, ஃபெல்லோஷிப் (விண்ணப்பித்துப் பெறும் நிதியுதவி), வகுப்பெடுத்தல், பிரதி விற்பனை, வேறு வணிகப் படங்கள். விழாப் படத் தொழிலை உடனே விட்டுவிடாதீர்கள். முதல் நீண்ட தொகுப்பு முடிய இரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம், அதுவரை அதுதான் உங்களுக்கு நிதி.

ஃபெல்லோஷிப் விண்ணப்பத்தில் பலர் தோற்பது வரவுசெலவுத் திட்டத்தில். பயணம், மொழிபெயர்ப்பாளர், அச்சு, சேமிப்பு வட்டு, எதிர்பாராச் செலவுக்குப் பத்து சதவீதம், உங்கள் நாள் ஊதியம், எல்லாவற்றையும் எழுதுங்கள். தன் ஊதியத்தை எழுதாத திட்டத்தைப் பார்த்தால் நடுவருக்கு, இவர் பாதியில் நின்றுவிடுவாரோ என்றுதான் தோன்றும்.

ஒப்பந்தத்தில் ‘அனைத்து உரிமைகளும்’ என்ற சொல் கண்ணில் பட்டால் நிறுத்திப் படியுங்கள். பதிப்புரிமை உங்களிடமே இருக்க, எந்த ஊடகம், எத்தனை ஆண்டு, அவர்களுக்கு மட்டுமேயான உரிமையா இல்லையா என்று வரையறுத்து உரிமம் கொடுங்கள். ‘படத்தில் இருப்பவர் மறுத்தால் படம் விலக்கப்படும்’ என்ற வரியையும் சேருங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எடுத்த ஒரு நோயாளியின் முகம் நாளை யாரோ ஒருவரின் நன்கொடை விளம்பரத்தில் வந்து நிற்கும், உங்களால் தடுக்க முடியாது.

கேள்வி: நாலாயிரம் படம் சேர்ந்துவிட்டது. எப்படித் தேர்வது?

பதில்: முதல் சுற்றில் 400, அடுத்து 80. அந்த எண்பதைச் சிறு அளவில் அச்சிட்டுத் தரையில் பரப்புங்கள். திரையில் இரண்டு படத்துக்கு இடையிலான உறவு பிடிபடாது. கடைசியில் 15 முதல் 20. ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டு நல்ல படங்களில் ஒன்று போக வேண்டும். எடுக்கப் பட்ட பாடு பார்ப்பவருக்குத் தெரியாது. அதனால் களத்துக்கு வராத ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு தேருங்கள். படக்குறிப்பில் யார், எங்கே, எப்போது, என்ன நடக்கிறது என்று இரண்டு வரி. அன்றிரவே எழுதினால் எழுதலாம், ஒரு வாரம் தள்ளினால் பெயர்கள் மாறிப்போகும்.

கேள்வி: போட்டோஷாப்பில் எதுவரை போகலாம்?

பதில்: வெளிச்சம், கான்ட்ராஸ்ட், வண்ணச் சமநிலை, ஓரங்களை வெட்டுதல். இதற்கு மேல் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. ஓரத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் பையைக்கூட அழிக்காதீர்கள். அடையாளம் மறைக்க முகத்தை இருட்டாக்குவது வேறு; மற்றபடி பின்னணியை விவரம் தெரியாத அளவுக்குக் கறுப்பாக்குவதும் நீக்கலே. வேர்ல்ட் பிரஸ் போட்டோ என்ற சர்வதேசச் செய்திப்படப் போட்டியில் இறுதிக்கு வருபவர்களின் மூல ஃபைலைக் கேட்டு ஒப்பிடுகிறார்கள். 2015-இல் இறுதிக்கு முந்தைய சுற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு படங்கள் இப்படி விலக்கப்பட்டன.

கேள்வி: ஃபைல்களைப் பத்திரப்படுத்துவது எப்படி?

பதில்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு கட்டடத்தில். களத்தில் கேமராவின் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகட்டும். இரண்டு பிரதிகளைத் திறந்து பார்த்து உறுதி செய்யும்வரை கார்டை அழிக்கக் கூடாது. அடையாளம் மறைக்க வேண்டியவர்களின் படமும் குரல் பதிவும் கடவுச்சொல்லால் பூட்டிய தனி வட்டில் இருக்க வேண்டும். அந்த வட்டை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போகாதீர்கள்.