என்ஜின் சூடானதும் நடுங்குகிறது, மைலேஜும் இறங்கிவிட்டது. சென்சாரை மாற்றினால் சரியாகுமா?

நீங்கள் சொல்வது இவ்வளவு: பத்து வருடத்துக்கு மேல் ஓடிய பெட்ரோல் கார். காலையில் ஒழுங்காக ஓடுகிறது. சூடானதும் ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் நின்றபடி ஓடும்போது) ஸ்டீயரிங் வரை நடுக்கம். மைலேஜ் படுத்துவிட்டது. செக் என்ஜின் லைட் எரியவில்லை. மெக்கானிக் "சென்சார் போயிருக்கும்" என்கிறார்.

போயிருக்கலாம். ஆனால் எந்தச் சென்சார் என்று சொன்னாரா? ஒரு பெட்ரோல் என்ஜினைச் சுற்றி ஏழெட்டுச் சென்சார் உண்டு. "சென்சார்" என்று மொத்தமாகச் சொல்வது, டாக்டர் "உடம்பு சரியில்லை" என்று சீட்டு எழுதுவது மாதிரி.

இதே வியாதி என் வண்டிக்கும் வந்தது. ஊர் மன்னார்குடி. வண்டி 2010 மாடல், சின்ன கார். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. ஐப்பசி மழையில் ஆரம்பித்தது. முதல் பத்து கிலோமீட்டர் வெண்ணெய் மாதிரி போகும். அப்புறம் எங்கே நிறுத்தினாலும் பல் கிட்டுகிற மாதிரி ஓர் அதிர்வு. லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி 11-க்கு வந்தது. டீக்கடையில் கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்: "இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல்தான் சார்." மெக்கானிக் வேறு வழியில் போனார். நாலு ஸ்பார்க் பிளக், பெட்ரோல் ஃபில்டர், இன்ஜெக்டர் கிளீனிங், கடைசியில் ஒரு இக்னிஷன் காயில். ஏழாயிரத்துச் சொச்சம் ஆனது.

அவரைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் பிளக் மாற்றியதும் ஒரு வாரம் வண்டி நன்றாகவே ஓடியது. நாங்கள் ஏமாந்ததும் அங்கேதான். கழற்றிய பிளக் நான்கிலும் கரி. ஈரமில்லாத கரி, விரலால் தொட்டால் கண்மை மாதிரி ஒட்டியது. "பிளக் வீக் சார்" என்று தூக்கிப் போட்டுவிட்டார். நாலுமே ஒரே மாதிரி ஏன் கறுத்தன என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. புது பிளக்கில் கரி படிய ஒரு வாரம் ஆனது, அவ்வளவுதான்.

விஷயம் பிடிபட்டது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில். அந்தக் கேட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கும்பகோணம் போகிற வழி, வெயில், கூட்ஸ் வண்டி. என்ஜினை அணைத்தேன். கேட் திறந்ததும் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, பற்றவில்லை. பின்னால் ஒரே ஹாரன். பக்கத்து மினி வேனிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்தார்: "அண்ணே, விட்டு விட்டு அடிக்காதீங்க. ஆக்சிலேட்டரை அடியோட மிதிச்சுக்கிட்டே செல்ஃப் அடிங்க. பெட்ரோலை ஓவராக் குடிச்சிருக்கு." மிதித்தேன். நாலு சுற்று, அஞ்சு சுற்று, பிறகு ஒரு குலுக்கலோடு பற்றிக்கொண்டது. பின்கண்ணாடியில் பார்த்தால் ஒரு பொட்டலம் கறுப்புப் புகை.

அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலேட்டர் முழுக்க மிதிபட்டிருந்தால், பல இன்ஜெக்ஷன் வண்டிகளில் ஈசியு (என்ஜினை ஆளும் கணினி) பெட்ரோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும். பெட்ரோலை நிறுத்தினால் வண்டி ஸ்டார்ட் ஆகிறது என்றால் உள்ளே பெட்ரோல் அதிகம். ஃபில்டர், இன்ஜெக்டர் என்று அதுவரை நாங்கள் தேடியதெல்லாம் பெட்ரோல் குறைவாகப் போகிறதா என்றுதான். கறுத்த பிளக், மைலேஜ், புகை, எல்லாம் ஒரே பக்கம்தான் கையைக் காட்டிக்கொண்டிருந்தன.

மச்சானிடம் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் (ஈசியு சொல்வதைப் படிக்கும் கருவி) ஒன்று இருந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும், அதில் செருகி மொபைலில் பார்ப்பது. ஃபால்ட் கோடு, அதாவது ஈசியு பதிந்துவைக்கும் கோளாறு எண், ஒன்றுமே இல்லை. "கோடே இல்ல மாமா, அப்ப சென்சார் எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று கழற்றப் போனான். இங்கே நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். கோடு பார்ப்பதைவிட லைவ் டேட்டா, அதாவது சென்சார்கள் அந்த நொடியில் சொல்லும் எண்களை, பார்ப்பது முக்கியம்.

ராத்திரி முழுக்க வண்டியை நிறுத்திவைத்து, விடிந்ததும் என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை, இன்னொன்று உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை. பத்து மணி நேரம் சும்மா நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். என் வண்டியில் காற்று 28 டிகிரி, கூலன்ட் 14 டிகிரி. மன்னார்குடியில், ஐப்பசியில், 14! ஊட்டியில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தது என் கார். ஸ்டார்ட் செய்து, கோட்டூர் வரை போய்த் திரும்பி வந்தோம். பானெட்டைத் தொட முடியவில்லை. ஸ்கேனரில் கூலன்ட் 33 டிகிரி.

கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் என்பது ஒரு தெர்மிஸ்டர். குளிர்ந்தால் மின்தடை ஏறும், சூடானால் இறங்கும். ஈசியு 5 வோல்ட் அனுப்பி, அந்தத் தடையை வைத்துச் சூட்டைக் கணக்கிடும். குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும் (பழைய கார்புரேட்டர் வண்டியில் சோக் இழுப்போமே, அதே கதை). என் சென்சார் வயதாகி, உள்ளுக்குள் தடை கூடிப்போய், கொதிக்கிற என்ஜினை "இன்னும் குளிர்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஈசியு நம்பி ஊற்றிக்கொண்டே இருந்தது. காலையில் ஓடியதும் அதனால்தான்: குளிர்ந்த என்ஜினுக்கு அந்தப் பெட்ரோல் பொருந்தியது.

லைட் ஏன் எரியவில்லை? சென்சார் வயர் அறுந்திருந்தால் மைனஸ் 40 டிகிரி என்று காட்டி, பி0118 என்று கோடு விழுந்திருக்கும். 33 டிகிரி நடக்கக்கூடிய எண்தானே, பழைய ஈசியு அதைச் சந்தேகப்படுவதில்லை. இன்னொன்று, என்ஜின் போதிய சூடு ஏறும்வரை ஆக்ஸிஜன் சென்சார் (புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளப்பது) சொல்வதை ஈசியு காதில் வாங்காது. என் வண்டியில் அந்தச் சூடு கணக்கில் ஏறவே இல்லை. ஆக, பெட்ரோல் அதிகம் என்று புகைக் குழாயிலிருந்து ஆக்ஸிஜன் சென்சார் கத்தியது வீண்.

டாஷ்போர்டில் சூட்டைக் காட்டும் மீட்டர் முள்ளைப் பார்த்து ஏமாறாதீர்கள். என் முள் எப்போதும் சரியாக நடுவில் நிற்கும், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சில வண்டிகளில் ஒரே சென்சார் கூட்டுக்குள் இரண்டு தெர்மிஸ்டர்கள் இருக்கும், ஒன்று முள்ளுக்கு, ஒன்று ஈசியுவுக்கு. எனக்குப் போனது இரண்டாவது. ஏசி போடாமல் நெரிசலில் நின்றால் மட்டும் முள் லேசாக மேலே ஏறும். ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை. 33 டிகிரிக்கு ஈசியு எதற்கு ஃபேன் போடும்? ஏசி போட்டால் ஃபேன் தானாக ஓடியதால் தப்பித்தேன். இல்லையென்றால் என்ஜின் அதிகச் சூடாகி, ஹெட் கேஸ்கெட்டுக்கும் (என்ஜின் தலைப்பகுதியை அடைக்கும் தகடு) அழுதிருப்பேன். உங்கள் வண்டியில் ஃபேன் ஓடுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

கும்பகோணத்தில் புதுச் சென்சார் 450 ரூபாய்க்கு வாங்கினேன். என்ஜின் ஆறிய பிறகு பழையதைக் கழற்றி, இரண்டையும் வீட்டுக்குள் கொண்டுபோய், முனை மட்டும் நனையும்படி ஒரு டபராத் தண்ணீரில் தொங்கவிட்டு மல்டிமீட்டர் வைத்தேன். குழாய்த் தண்ணீரில் புதியது 1,850 ஓம் பக்கம், பழையது 3,200. அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீரில் புதியது மளமளவென்று இறங்கி 250-இல் நின்றது. பழையது 1,600-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. "காபி டபராவுல எதை எதையோ போட்டு வேக வைக்கிறானே" என்று அம்மா சத்தம் போட்டார். அந்த டபரா அதற்கப்புறம் அடுக்களைக்குள் வரவில்லை.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. சூட்டோடு ரேடியேட்டர் மூடியையோ சென்சாரையோ தொடாதீர்கள், பீய்ச்சியடிக்கும். கழற்றியதும் கொஞ்சம் கூலன்ட் வழியும். விட்டதை நிரப்பும்போது போர் தண்ணீரை ஊற்றாதீர்கள், அதுவும் கடற்கரைப் பக்கத்து உப்புத் தண்ணீரை. கூலன்ட்தான் ஊற்ற வேண்டும். நிரப்பும்போது கூலன்ட் பாதையில் காற்று அடைக்காமல் வெளியேறட்டும். கரி பிடித்த பிளக்குகளைச் சுத்தம் செய்து போட்டேன். ஃபேன் முதல் முறையாக ஏசி இல்லாமல் தானே ஓடிய சத்தம் கேட்டபோது மச்சான் சிரித்தான். இரண்டு டேங்க் கழித்து மைலேஜ் 15.5.

உங்கள் வண்டியில் காலை எண்கள் இரண்டும் ஒத்துப்போனால் இந்தச் சென்சார் தப்பித்தது, அடுத்ததுக்குப் போங்கள். மேப் சென்சாரை (என்ஜினுக்குக் காற்று போகும் குழாயின் அழுத்தத்தை அளப்பது) சோதிக்க நம் ஊர் வசதியானது. டெல்டா கடல் மட்டத்தை ஒட்டியது என்பதால், என்ஜின் ஓடாமல் சாவி ஆனில் அது 100 கிலோபாஸ்கல் அருகே காட்ட வேண்டும். ஐடிலில் 30, 40-க்கு இறங்க வேண்டும். ஓடிக்கொண்டே திடீரென்று அணைந்து, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால், என்ஜின் சுற்றுவதை அளக்கும் கிராங்க் சென்சாரைச் சந்தேகப்படுங்கள். பி0171 என்று கோடு வந்தால் உடனே ஆக்ஸிஜன் சென்சாரை வாங்கிவிடாதீர்கள். அந்தக் கோடு பெட்ரோல் கலவை மெலிந்திருக்கிறது என்றுதான் சொல்கிறது, கிழிந்த வாக்குவம் ஹோஸ் (கிழிந்தால் கணக்கில் வராத காற்றை உள்ளே இழுக்கும் ரப்பர் குழாய்) கூடக் காரணமாக இருக்கும்.

எதை வாங்குவதற்கு முன்னாலும் வயரைப் பாருங்கள். சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலிகள் எங்கே குடியேறுகின்றன என்று பானெட்டைத் திறந்தால் தெரியும். எங்கள் தெருவில் ஒருவர் புதுச் சென்சார் இரண்டு முறை மாற்றினார். கடைசியில் கனெக்டருக்கு ஒரு சாண் தள்ளி வயர் கடிபட்டு, ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது.

நாளைக் காலை அந்த இரண்டு எண்ணையும், ஏசி இல்லாமல் ஃபேன் ஓடுகிறதா என்பதையும் எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.