கேஸ் கணப்பு வாங்கப் போகிறவர்களுக்கு

கேள்வி: மார்கழி விடுமுறையில் நண்பர்கள் ஆறு பேர் குடும்பத்தோடு எங்கள் முந்திரித் தோப்பில் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்கப்போகிறோம். விறகு மூட்டினால் சருகு பற்றிக்கொள்ளும் என்று அப்பச்சி தடுக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் அம்மான் மகன், அங்கே முகாமுக்குப் போகிறவர்கள் புரோப்பேன் கேஸில் எரியும் 'ஃபயர் பிட்' வைத்துத்தான் குளிர் காய்கிறார்கள், வரும்போது ஒன்று கொண்டுவருகிறேன் என்கிறான். 58,000 பி.டி.யூ. என்று போட்டிருக்கிறது. வீட்டு சிலிண்டரில் மாட்டிக்கொள்ளலாம்தானே? (காரைக்குடி)

பதில்: அப்பச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. மழை ஓய்ந்து பத்து நாள் வெயில் அடித்தால் முந்திரிச் சருகு அப்பளம்போல் நொறுங்கும். அதில் ஒரு பொறி விழுந்தால் போதும். கேஸ் கணப்பில் பொறி பறக்காது, சாம்பல் மிஞ்சாது, குமிழைத் திருகினால் அந்த நொடியே அணைந்துவிடும். அமெரிக்காவில் கோடையில் விறகுத் தீக்குத் தடை போடும் காடுகளில்கூட, மூடித் திறக்கும் வால்வு உள்ள கேஸ் சாதனத்தைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறார்கள். அது அங்கே பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே உங்கள் அம்மான் மகன் தப்பாகச் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டது சிலிண்டர் கணக்கு.

58,000 பி.டி.யூ. என்பது அது மணிக்குத் தரும் சூட்டின் அளவு, ஏறக்குறைய 17 கிலோவாட். நம் வீட்டு அடுப்பில் பெரிய பர்னர் இரண்டு, இரண்டரை கிலோவாட்தான். ஏழெட்டுப் பெரிய பர்னர்களை ஒன்றாகத் திறந்துவைத்துவிட்டு அவற்றைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் எரித்தால் மணிக்கு ஒன்றேகால் கிலோ கேஸ் போகும். 5 கிலோ சிலிண்டர் நாலு மணி நேரம். வீட்டில் ஒரு மாதம் சமைக்கும் 14.2 கிலோ சிலிண்டர் பதினோரு மணி நேரத்தில் காலி. அமெரிக்காவில் இதற்கு மாட்டுவது 20 பவுண்டு, அதாவது 9 கிலோ சிலிண்டர். அந்த அளவு நம் கடைகளில் இல்லை.

கணக்கில் வராத இன்னொன்றும் உண்டு. போன தை மாதம் திருமயம் பக்கம் ஒரு தோப்பில் நண்பர் ஒருவர் இப்படி ஒன்றை 5 கிலோ சிலிண்டரில் பூட்டி எரித்தார். முக்கால் மணி நேரத்தில் சிலிண்டர் உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது, தீ அகல்விளக்குச் சுடர்போல் சுருங்கிவிட்டது. கேஸ் தீர்ந்துவிட்டது என்று தூக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் இருந்தது. உள்ளே திரவமாக இருப்பது ஆவியாகும்போது சிலிண்டரின் சூட்டையே எடுத்துக்கொள்கிறது. சின்ன சிலிண்டர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் குளிர்ந்துபோகிறது. யாரோ வெந்நீர் ஊற்றலாம் என்றார், இன்னொருவர் சிலிண்டரைத் தீப்பக்கம் நகர்த்தக் கை வைத்தார். நல்லவேளை, தடுத்துவிட்டோம். அந்த மாதிரி நேரத்தில் செய்யவேண்டியது தீயைக் குறைப்பது மட்டுமே.

புரோப்பேன், பியூட்டேன் என்று குழம்ப வேண்டாம். நம் சமையல் கேஸ் இரண்டும் கலந்தது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகும், பியூட்டேனுக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம் டிகிரி வேண்டும். பனி கொட்டும் ஊர்களில் பியூட்டேன் சண்டித்தனம் செய்யும் என்பதால் அவர்கள் புரோப்பேனைத் தேடுகிறார்கள். தைப்பனி தரையைத் துளைக்கும் என்று நாம் சொல்லிக்கொண்டாலும், காரைக்குடியில் பியூட்டேன் திணறும் அளவுக்குக் குளிர் ஒருநாளும் வந்ததில்லை.

பொருந்தாதது கேஸ் அல்ல, இணைப்பு. அமெரிக்கச் சாதனத்தோடு வரும் ரெகுலேட்டர் அவர்கள் சிலிண்டரின் மரையில் திருகுவது. நம்முடையது வால்வின்மேல் அழுத்திப் பூட்டுவது. உடனே நம் ஊர் மூளை வேலை செய்யும்: அந்த ரெகுலேட்டரை வெட்டி எறிந்துவிட்டு, டியூபை வீட்டு ரெகுலேட்டரில் செருகி, கிளிப் போட்டு இறுக்கிவிடுவது. செய்யாதீர்கள். இரண்டு பர்னர், மூன்று பர்னர் அடுப்புக்கு ஆன ரெகுலேட்டர் அது, பதினேழு கிலோவாட்டுக்கு ஆனதல்ல. அந்தச் சாதனங்களோடு சுமார் பத்தடிக் குழாய் தருகிறார்கள், சிலிண்டர் தீயிலிருந்து தள்ளி நிற்பதற்காக. நம் ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூப் ஒன்றரை மீட்டர்தான். சிலிண்டரும் உங்களோடு சேர்ந்து குளிர் காயும்.

வீட்டு சிலிண்டரை எடுக்கவும் கூடாது. 2000-ஆம் ஆண்டின் சமையல் எரிவாயு ஒழுங்குமுறை உத்தரவின்படி அது வீட்டுச் சமையலுக்கு மட்டுமே. வீட்டில் கேஸ் இணைப்பு இல்லாமலே, அடையாள அட்டையைக் காட்டி 5 கிலோ சிலிண்டரைச் சந்தை விலைக்கு வாங்கலாம். ஏஜென்சிகளிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும். கடைவீதியில் பெரிய சிலிண்டரிலிருந்து பிடித்துத் தரும் குட்டி சிலிண்டரைத் தொடவே தொடாதீர்கள்.

என் யோசனை: அம்மான் மகனை வேறு ஏதாவது கொண்டுவரச் சொல்லுங்கள். இந்தியாவிலேயே, நம் சிலிண்டருக்கென்று ரெகுலேட்டரும் நீளக் குழாயும் சேர்த்துத் தருகிற, இதில் பாதித் திறனுள்ள கணப்பு கிடைத்தால் வாங்குங்கள். ஆறு குடும்பத்துக்கு அது போதும். சருகைக் கூட்டி, சுற்றி ஏழெட்டு அடி வெறும் மண்ணாக்கி, மேலே கிளை இல்லாத இடத்தில் வையுங்கள். பற்றவைக்குமுன் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. தூங்கப்போகும்போது சிலிண்டர் வால்வையும் மூடிவிடுங்கள். குளிர் தாங்கவில்லை என்று கூடாரத்துக்குள் தூக்கிப்போனால் கார்பன் மோனாக்சைடு வாசனைகூடக் காட்டாமல் ஆளைக் கொன்றுவிடும்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். கூடாரம் போட இடமில்லாததால், வளவிலேயே (வீட்டு நடு முற்றம்) வானத்தைப் பார்த்துத் தீ காய ஒரு கேஸ் கணப்பு வைக்கலாம் என்கிறான் மகன். திறந்த இடம்தானே? (தேவகோட்டை)

பதில்: மேலே திறந்த இடம்தான் ஆச்சி, நான் பயப்படுவது கீழே. இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. புரோப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். நாலு பக்கமும் அடைத்து, பத்திகளைவிடத் தாழ்ந்து, மழைத்தண்ணீர் போக மடை வைத்த வளவைவிட அதற்கு வசதியான குட்டை வேறென்ன? சுற்றி நிற்பதோ பர்மாத் தேக்குத் தூண்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லும் சூளையில் சுட்டதல்ல, சிமென்ட்டை வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்தது. சூட்டில் நிறம் போனால் அதே பூவும் அதே வண்ணமும் சேர்ந்த கல்லைத் தேடி அலைவீர்கள். பின்கட்டுக்கு வெளியே கொல்லையில், மணல் பரப்பி வையுங்கள். வாடகைக்கு விடுகிற இடம் என்பதால் வணிக சிலிண்டர்தான் வாங்கவேண்டும்.

கேள்வி: சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் வருகிறோம். 5 கிலோ சிலிண்டரைப் பையில் வைத்துக்கொள்ளலாமா? (அம்பத்தூர்)

பதில்: கூடாது. காலியானதும் வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் ஒன்பது பேர் இறந்தது, உள்ளே கொண்டுவந்த சிலிண்டரால். ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. காரைக்குடியில் இறங்கி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய கேஸ் கணப்பு பொத்தானை அழுத்தினால் பற்றவில்லை. விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கிறார். பெட்டியில் எந்த நாட்டுத் தயாரிப்பு என்றும் இல்லை. (திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம்)

பதில்: முதலில் அந்தப் பொத்தானைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். பலவற்றில் உள்ளே ஒரு பென்சில் பேட்டரி போட வேண்டும், அதைப் பெட்டியில் தருவதில்லை. சிரிக்காதீர்கள், நானே இதில் ஏமாந்திருக்கிறேன்.

பேட்டரி போட்டும் பற்றவில்லை என்றால், குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுக்க விற்பனையாளருக்கு உரிமை கிடையாது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. இறக்குமதிப் பொருளில் தயாரித்த நாடு இல்லாததும் ஒரு குற்றம். பில், பெட்டி, விளம்பரப் பக்கம் எல்லாவற்றையும் படம் பிடித்துவைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். பெரும்பாலும் அந்த அளவிலேயே பணம் திரும்பிவிடும். இல்லையென்றால் சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை.

கேள்வி: கணப்பின்மேல் கம்பிவலை போட்டு நாட்டுக்கோழி சுடலாமா? பர்னர்மேல் பரப்பக் கூடவே வந்த கற்கள் போதவில்லை, செம்பூராங்கல்லை உடைத்துப் போடலாமா? (குன்றக்குடி)

பதில்: இரண்டும் வேண்டாம். கோழிக்கொழுப்பு சொட்டிப் பர்னர் துளைகள் அடைத்துக்கொண்டால் அடுத்த முறை தீ ஒரு பக்கமாகச் சீறும். செம்பூராங்கல் பஞ்சுபோல் தண்ணீர் குடித்துவைத்திருக்கும், சூடேறினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி கல்லையே வெடிக்கவைக்கும். எரிமலைக் கல் என்று தனியாக விற்கிறார்கள், அதை வாங்கிப் போடுங்கள். கோழிக்கு மூன்று செங்கல்லும் கொஞ்சம் கரியும் போதும், மசாலாவும் அதில்தான் பிடிக்கும்.