கடலை வரைபவனுக்குக் கப்பல் எதற்கு?

கேள்வி: கப்பலேறி ஊர் ஊராகச் சுற்றிக் கடலை வரைந்தவர்களை மேதைகள் என்று கொண்டாடுகிறார்களே, அடுத்தவர் செலவில் உல்லாசப் பயணம் போனதைத் தவிர அவர்கள் என்ன சாதித்துவிட்டார்கள்? ரஷ்ய ஓவியர் ஐவசோவ்ஸ்கி அறைக்குள் அமர்ந்தபடியே கடலை வரைந்தாராம். இப்போதுதான் கேமராவும் இருக்கிறதே?

பதில்: 'அடுத்தவர் செலவில்' என்பது வரை சரி. என்ன வேலைக்குச் சம்பளம் வாங்கினார்கள் என்பதையும் விசாரித்திருக்கலாம்.

1666-இல் டச்சுக் கடற்படையும் ஆங்கிலேயக் கடற்படையும் நான்கு நாள் மோதிக்கொண்டன. ஐம்பது வயதைத் தாண்டிய டச்சு ஓவியர் மூத்த வில்லெம் வான் டி வெல்டே, ஒரு சிறு கப்பலில் டச்சுப் படையோடு போய், எந்தக் கப்பல் எங்கே நின்றது, எது எப்படித் திரும்பியது என்று தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். சில ஆண்டுகளில் அவரும் மகனும் அதே இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். 1674-இல் மன்னர் இரண்டாம் சார்லஸ் ஆளுக்கு ஆண்டுக்கு 100 பவுண்டு ஊதியம் நிர்ணயித்தார். கடற்சண்டைகளைக் கோட்டோவியமாக எடுப்பது தந்தையின் பொறுப்பு, அவற்றுக்கு வண்ணம் ஏற்றுவது மகனின் பொறுப்பு. எதிரிப் படையோடு திரிந்தவரைக் கூப்பிட்டு வேலை கொடுக்கும் அளவுக்கு அந்தக் கைக்கு மதிப்பு இருந்தது. (இது துரோகம் இல்லையா என்று அடுத்த வாரம் ஒருவர் கேட்பார். அப்போது பார்த்துக்கொள்ளலாம்.)

உல்லாசத்துக்கு வருவோம். ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கின் முதல் பயணத்தில் எண்டவர் கப்பலில் போனவர் ஓவியர் சிட்னி பார்க்கின்சன். டஹிட்டி தீவில் அவர் வண்ணம் பூசப் பூச ஈக்கள் மொய்த்துத் தின்றன. நிலக்காட்சி வரைய வந்த அலெக்சாண்டர் பக்கன் அங்கேயே இறந்துபோக, அந்த வேலையும் இவர் தலையில் விழுந்தது. ஊர் திரும்பும் வழியில், 1771 ஜனவரியில், வயிற்றுக்கடுப்பு கண்டு இவரும் இறந்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை. உடலைக் கடலில்தான் விட்டார்கள்.

குக்கின் அடுத்த பயணத்தில் போன வில்லியம் ஹாட்ஜஸ், நியூசிலாந்தின் பிக்கர்ஸ்கில் துறைமுகத்தை வரைந்தார். பிற்காலத்தில் அந்த ஓவியத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது பச்சைக் காட்டுக்கு அடியில் அண்டார்க்டிக் பனிப்பாறைகள் தெரிந்தன. பனிக்கடல் காட்சியின் மேலேயே இதைத் தீட்டியிருக்கிறார். கித்தான் பற்றாக்குறையாக இருக்கலாம், முதலில் வரைந்தது பிடிக்காமலும் போயிருக்கலாம்.

ஐவசோவ்ஸ்கி கதையில் நீங்கள் கேட்டது பாதிதான். கருங்கடல் துறைமுகமான ஃபியதோசியாவில் பிறந்தவர் அவர். ரஷ்யக் கடற்படையின் ஓவியராகக் கப்பல்களில் போனவர், 1869-இல் சூயஸ் கால்வாய்த் திறப்பு விழாவுக்கும் போனவர். அறைக்குள் அமர்ந்து வரைந்தார் என்பது உண்மையே. அலை ஓவியனுக்காக அசையாமல் நிற்காது, மின்னலையும் காற்றின் வீச்சையும் பார்த்தபடியே வரைய முடியாது, நினைவிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அப்படிச் சுமார் 6,000 ஓவியங்கள். அலையின் முகடு மெலிந்து வெயில் ஊடுருவும் இடத்தில் மட்டும் பச்சை எப்படிப் பளிச்சிடுகிறது, உடைந்த நுரை சரிவில் எப்படி வலைபோல் இழைபிரிகிறது என்பதெல்லாம் மனத்தில் ஏறியிருந்ததால் அறை போதுமானதாக இருந்தது. மனத்தில் சரக்கில்லாதவனை அதே அறையில் பூட்டி வைத்தால் நீலச் சாயம் பூசிக்கொண்டிருப்பான். பாய் ஒரு காற்றுக்கும் கொடி வேறொரு காற்றுக்கும் பறப்பதுபோல் வரைந்து மாலுமிகளிடம் மாட்டிக்கொள்வான்.

புயலில் தன்னைப் பாய்மரத்தில் கட்டிவைக்கச் சொன்னதாக ஆங்கிலேய ஓவியர் டர்னர் சொன்ன கதையையும் இங்கே சேர்த்திருப்பேன். ஆய்வாளர்கள் பலர் அதை நம்புவதில்லை, ஆகவே விட்டுவிடுகிறேன்.

கேமராவா? 1934-இல் அமெரிக்க இயற்கை ஆய்வாளர் வில்லியம் பீபி பெர்முடாவுக்கு அருகே எஃகுக் கோளத்துக்குள் அமர்ந்து 923 மீட்டர் ஆழத்துக்கு இறங்கினார். அங்கே விளக்கொளியில் தோன்றி மறைந்த உயிர்கள் அன்றைய கேமராவுக்குப் பிடிபடவில்லை. அவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல மேலே குறிப்பெடுத்தார்கள். அவர் கண்டவற்றுக்கு உருவம் கொடுத்தவர் எல்ஸ் போஸ்டல்மன் என்ற பெண் ஓவியர். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஆழம் குறைந்த கடலடியில் இறங்கித் தைல வண்ணத்தில் வரைந்தவரும் அவரே.

இன்றைய கேமரா அதையும் எடுத்துவிடும் என்பீர்கள். எடுக்கட்டும். நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்தமுறை கடலுக்குப் போகும்போது பத்து நிமிடம் அலையைப் பாருங்கள். பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரே ஓர் அலையை வரைந்து அனுப்புங்கள். அலை என்று அடையாளம் தெரிந்தால் அடுத்த இதழிலேயே வெளியிடுகிறேன்.